டிக் இருக்கிறதா, இருந்ததா? – 'செக்ட்' என்ற ஒரு சொல்லின் முப்பது வருடக் கதை

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மருந்து விநியோக நிறுவனத்துக்கு நாங்கள் ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தோம். மேலே ஆர்டர் விவரம், கீழே நாலைந்து செக்பாக்ஸ். அதில் ஒன்று 'குளிர்பெட்டி தேவை'. அதை டிக் செய்து சேமித்தால்தான் பேக்கிங் பகுதிக்கு ஐஸ் பேக் வைக்கச் சொல்லித் தகவல் போகும்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. எட்டுப் பெட்டி இன்சுலின் ஐஸ் இல்லாமலே வெளியூருக்குப் போய்விட்டது. மே மாத வெயில். மொத்தமும் வீண். ஆர்டரை உள்ளிட்ட கிளார்க் மேல் எல்லோரும் பாய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரே வார்த்தையில் நின்றார்: "டிக் போட்டேன் சார். சந்தேகத்துக்கு ரெஃப்ரெஷ் பண்ணியும் பார்த்தேன். டிக் இருந்துச்சு."

டேட்டாபேஸில் டிக் இல்லை. சேமித்ததற்கான தடயமும் லாகில் இல்லை. மனுஷன் பொய் சொல்கிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்ததையே செய்யச் சொன்னேன். டிக் போட்டார். சேமிக்கும் பட்டனை அழுத்த மறந்தார். ரெஃப்ரெஷ் செய்தார். பக்கம் சர்வரிலிருந்து புதிதாக வந்தது. டிக் அப்படியே இருந்தது!

பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லில் 'செக்ட்' என்ற சொல்லே இல்லை. திரையில் டிக் இருக்கிறது, எழுத்தில் இல்லை. அந்த பிரவுசர், பயனர் பாதியில் விட்ட படிவத்தை ரெஃப்ரெஷுக்குப் பிறகும் நினைவில் வைத்துக்கொள்ளும். அது பிழையல்ல, வசதி. நிறைய டைப் செய்த ஒருவர் தெரியாமல் ரெஃப்ரெஷ் செய்துவிட்டால் எல்லாம் போய்விடக்கூடாதே என்ற நல்லெண்ணம். கிளார்க் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம்தான் அவரிடம் பொய் சொன்னது.

அன்றைக்கு எனக்குள் விழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. எச்டிஎம்எல்லில் 'செக்ட்' என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்? டிக் இருக்கிறது என்றா, இருந்தது என்றா? இதைத் தோண்டப் போனால் இணையத்தின் முப்பது வருட வரலாறு வேரோடு கூடவே வருகிறது.

வாசலில் தொங்கும் பலகை

முதலில் ஒரு சின்ன விளக்கம். அதிகாரிகள் வீட்டு வாசலிலும் பழைய கிளினிக்குகளிலும் ஒரு மரப்பலகை பார்த்திருப்பீர்கள். பெயருக்குப் பக்கத்தில் 'இன்', 'அவுட்' என்று எழுதி நடுவில் ஒரு தகட்டை நகர்த்துகிற மாதிரி இருக்கும். டாக்டர் உள்ளே இருக்கிறார் என்பது நிலை. அதைச் சொல்வது பலகை.

இணையப் பக்கத்திலும் இதே இரண்டும் உண்டு. மெனு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, பட்டன் வேலை செய்யுமா செய்யாதா, பெட்டியில் டிக் இருக்கிறதா – இவையெல்லாம் நிலை, நம் தொழில் பாஷையில் 'ஸ்டேட்'. இதைக் கையாள இரண்டு வழிகள். ஒன்று, ஜாவாஸ்கிரிப்டில் "இந்த பட்டனை அழுத்தினால் அந்த மெனுவைத் தேடிப் பிடித்துத் திற" என்று ஒவ்வொரு அடியாகக் கட்டளை கொடுப்பது. இன்னொன்று, டேக்குக்குள்ளேயே ஒரு ஆட்ரிபியூட்டாக "இது திறந்திருக்கிறது" என்று அறிவித்துவிடுவது. எப்படித் திறப்பது என்பது பிரவுசர் பாடு. இரண்டாவதைத்தான் 'டிக்ளரேட்டிவ்' என்கிறோம், அறிவிப்பு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அறிவிப்பு முறை சுலபமாகத் தெரியும். ஆனால் பலகையில் உள்ள தொல்லை இதிலும் உண்டு. டாக்டர் கிளம்பிப் போய்விட்டார், தகட்டை யாரும் நகர்த்தவில்லை என்றால்? பலகை சொல்வது இப்போதைய நிலையா, காலையில் இருந்த நிலையா?

1995: முதல் பலகைகள்

டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் எச்டிஎம்எல்லில் படிவமே கிடையாது. அது ஆவணங்களைப் படிப்பதற்கான மொழி. ஆவணத்துக்கு நிலை எதற்கு? படிவங்கள் 1993 வாக்கில் மொசைக் பிரவுசர் வழியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1995 நவம்பரில் ஆர்எஃப்சி 1866 என்ற எண்ணோடு எச்டிஎம்எல் 2.0 வெளியானபோது அவை முறையாகத் தரப்படுத்தப்பட்டன. எழுதியவர்கள் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும். செக்பாக்ஸுக்கு 'செக்ட்', பட்டியலில் ஓர் இனத்துக்கு 'செலக்டட்' என்ற ஆட்ரிபியூட்டுகள் அதில் இருந்தன.

அந்த ஆவணத்தைப் பொறுத்தவரை இவை இரண்டும் ஆரம்ப நிலையைத்தான் சொல்கின்றன. பக்கம் வரும்போது டிக் இருக்க வேண்டுமா என்பது மட்டும்தான் கணக்கு. அதற்குப் பிறகு பயனர் என்ன செய்தாலும் அது அந்தச் சொல்லைத் தொடாது.

ஏன் அப்படி? அந்தக் காலப் படிவங்களில் சேமிக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டனும் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? 'ரீசெட்'. அதை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆக வேண்டும். பழையபடி என்றால் எதுபடி? அதை எங்கேயாவது எழுதி வைத்திருக்க வேண்டுமே. அந்த இடம்தான் ஆட்ரிபியூட். பயனர் டிக்கை எடுத்ததும் 'செக்ட்' என்ற சொல்லும் அழிந்துவிட்டால், ரீசெட் எதைப் பார்த்துத் திரும்பும்? அன்றைக்கு இது நல்ல முடிவுதான். ரீசெட் பட்டனை இன்று யாரும் தொடுவதில்லை. அதற்காகச் செய்த ஏற்பாடு மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

பெயர் இல்லாத மதிப்பு

இன்னொரு விசித்திரமும் அதே காலத்தது. சாதாரணமாக ஆட்ரிபியூட் என்றால் பெயர், சமக்குறி, மதிப்பு என்று மூன்று பாகம் இருக்கும். 'செக்ட்' மட்டும் ஏன் மொட்டையாக ஒற்றைச் சொல்லாக நிற்கிறது?

எச்டிஎம்எல், எஸ்ஜிஎம்எல் என்ற பெரிய அண்ணனின் வீட்டில் பிறந்தது. ஐபிஎம்மில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப் குழு 1969-ல் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாக, 1986-ல் ஐஎஸ்ஓ தரமானது எஸ்ஜிஎம்எல். மனிதர்கள் கையால் டைப் செய்த காலம் என்பதால் விசை மிச்சப்படுத்த அதில் நிறையச் சலுகைகள் உண்டு. அவற்றில் ஒன்று: ஒரு ஆட்ரிபியூட் ஏற்கக்கூடிய மதிப்புகள் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருந்தால், பெயரை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் எழுதலாம்.

எச்டிஎம்எல் 2.0-ன் இலக்கணத்தில் 'செக்ட்' என்ற ஆட்ரிபியூட்டுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே மதிப்பு 'செக்ட்'. ஆகவே நாம் மொட்டையாக எழுதும் அந்தச் சொல், முறைப்படி பார்த்தால், ஆட்ரிபியூட்டின் பெயரே இல்லை. மதிப்பு! பெயர்தான் விடுபட்டிருக்கிறது. இருபது வருடம் எச்டிஎம்எல் எழுதிய பிறகு இதைத் தெரிந்துகொண்டபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிரவுசர்கள் இந்த நுணுக்கத்தை எல்லாம் பார்க்கவில்லை. சொல் இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் அவற்றின் கணக்கு. பிற்பாடு எச்டிஎம்எல்5 எஸ்ஜிஎம்எல் உறவையே வெட்டிக்கொண்டபோது அந்த நடைமுறையையே விதியாக்கியது. இதற்குப் பெயர் பூலியன் ஆட்ரிபியூட். இதன் விளைவு, புதிதாக வேலைக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது மாட்டும் பொறி: பட்டனில் 'டிஸேபிள்ட்' சமம் 'ஃபால்ஸ்' என்று எழுதினால் பட்டன் முடங்கிவிடும். 'ஃபால்ஸ்' என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதே இல்லை. சொல் இருக்கிறதா, முடிந்தது கதை. வாசலில் "இங்கே நாய் இல்லை" என்று எழுதி வைத்தால், 'நாய்' என்ற சொல்லைப் பார்த்ததுமே திரும்பி ஓடுகிறவர் மாதிரி.

2000 ஜனவரியில் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0, எக்ஸ்எம்எல்லின் கறாருக்கு ஏற்ப இந்தச் சுருக்கத்தைத் தடை செய்தது. 'செக்ட்' சமம் 'செக்ட்' என்று முழுசாக எழுத வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் பக்தியோடு அப்படி எழுதியவன்தான். காரணம் தெரியாது. சீனியர் சொன்னார், எழுதினேன்.

ஒரே பெயர், இரண்டு பொருள்

1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை எழுதிய கதை எல்லோருக்கும் தெரியும். டிசம்பரில் அது ஜாவாஸ்கிரிப்ட் என்று அறிவிக்கப்பட்டது. நெட்ஸ்கேப் 2-ல் அந்த மொழி செக்பாக்ஸைத் தொட்டபோது ஒரு பெயர் தேவைப்பட்டது. இப்போது டிக் இருக்கிறதா என்பதை ஸ்கிரிப்டிலிருந்து கேட்க 'செக்ட்' என்ற பெயரை வைத்தார்கள். ஆரம்பத்தில் இருந்ததா என்பதைக் கேட்க 'டிஃபால்ட்செக்ட்' என்று இன்னொரு பெயர். ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு அடிக்கடி தேவைப்படுவது இப்போதைய நிலைதான், அதற்குக் குட்டிப் பெயர் கொடுத்தது நியாயம்.

ஆனால் என்ன ஆயிற்று பாருங்கள். எச்டிஎம்எல்லில் எழுதும் 'செக்ட்' ஆட்ரிபியூட்டுக்கு ஜாவாஸ்கிரிப்டில் இணை 'டிஃபால்ட்செக்ட்'. ஜாவாஸ்கிரிப்டின் 'செக்ட்' பிராப்பர்ட்டிக்கு எச்டிஎம்எல்லில் இணையே கிடையாது. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு ஆட்கள், தபால்காரருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். 1998-ல் டபிள்யூ3சி வெளியிட்ட டாம் முதல் நிலைத் தரமும் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது.

இன்றைய தரத்தில் இதற்கு இன்னும் ஓர் உள்விஷயம் உண்டு. ஒவ்வொரு செக்பாக்ஸுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொடி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை அழுக்குக் கொடி என்கிற பொருளில்தான் அழைக்கிறார்கள். யாரும் தொடாதவரை பெட்டி ஆட்ரிபியூட்டைப் பார்த்து நடக்கும். பயனரோ ஸ்கிரிப்டோ ஒரு தடவை தொட்டுவிட்டால் கொடி ஏறிவிடும். பிறகு நீங்கள் ஆட்ரிபியூட்டைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பெட்டி கண்டுகொள்ளாது. ரீசெட் செய்தால்தான் கொடி இறங்கும். "காலையில் நான் டெஸ்ட் செய்தபோது வேலை செய்ததே" என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பாதிப் பிழைகள் இந்தக் கொடியால் வருபவை.

இதோடு ஒப்பிட்டால் 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 கொண்டுவந்த 'டிஸேபிள்ட்' ரொம்ப நேர்மையான பிள்ளை. ஆட்ரிபியூட்டைச் சேர்த்தால் உடனே முடங்கும், எடுத்தால் உயிர் வரும். பயனரால் அதை மாற்ற முடியாது என்பதால் ஆரம்பம், இப்போது என்ற பிரிவே அங்கே தேவைப்படவில்லை. இரண்டும் பார்வைக்கு ஒரே ஜாதி ஆட்ரிபியூட், குணம் வேறு.

2004: ஒரு பிளவு

இந்தக் குழப்பத்தை டபிள்யூ3சி அறியாமல் இல்லை. 2003 அக்டோபரில் அது வெளியிட்ட எக்ஸ்ஃபார்ம்ஸ் 1.0 அழகான தீர்வு. தரவு ஒரு பக்கம், திரையில் தெரியும் பெட்டிகள் இன்னொரு பக்கம், இரண்டையும் இணைக்க அறிவிப்புகள். இது நிரம்பினால் அது தெரிய வேண்டும், இது காலியாக இருந்தால் அனுப்பக்கூடாது என்பதையெல்லாம் ஸ்கிரிப்ட் இல்லாமலே எழுதலாம். ஆனால் பழைய எச்டிஎம்எல் படிவங்களோடு அது ஒட்டவில்லை. எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லில் புதிதாக எழுத வேண்டும். பெரிய பிரவுசர்கள் எதுவும் அதைத் தன்னோடு சேர்த்துத் தரவில்லை.

2004 ஜூன் 1, 2 தேதிகளில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் டபிள்யூ3சி ஒரு பயிலரங்கு நடத்தியது. மொசில்லாவும் ஓப்பராவும் சேர்ந்து வந்து, இருக்கும் எச்டிஎம்எல்லையே படிப்படியாக வளர்க்கலாம் என்றன. எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் அறிவிப்பு முறை நீட்சிகளை டபிள்யூ3சி உருவாக்க வேண்டுமா என்று அங்கே கைதூக்கிக் கேட்டார்கள். வேண்டாம் என்ற பக்கமே ஜெயித்தது. இரண்டே நாளில், ஜூன் 4-ம் தேதி, தோற்றவர்கள் வாட்விஜி என்ற தனிக் குழுவை அறிவித்தார்கள். இன்றைக்கு எச்டிஎம்எல் தரம் அந்தக் குழுவின் கையில்தான் இருக்கிறது. ஒரு படிவத்தில் 'ரிக்வயர்ட்' என்று ஒற்றைச் சொல் எழுதி, காலியாக விட்டால் பிரவுசரே எச்சரிக்கும்படி செய்கிறோமே, அது அந்தத் தோற்ற பக்கத்திலிருந்து வந்த சொத்து.

அவரவர் வீட்டுப் பலகை

தரம் வரும்வரை உலகம் காத்திருக்குமா? 2006-ல் ஜான் ரெஸிக் வெளியிட்ட ஜேக்வெரி, 'ஆட்டர்' என்ற ஒரே கட்டளையில் ஆட்ரிபியூட்டையும் பிராப்பர்ட்டியையும் கலந்து கொடுத்தது. எது எங்கே இருக்கிறது என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை, எது வேண்டுமோ அதைக் கொடுக்கும். சுகமாக இருந்தது. 2011 மே 3-ம் தேதி வந்த 1.6 பதிப்பில் அவர்கள் மனசாட்சிப்படி அதைப் பிரித்தார்கள். ஆட்ரிபியூட்டுக்கு 'ஆட்டர்', பிராப்பர்ட்டிக்கு 'ப்ராப்'. கொள்கைப்படி சரி. ஆனால் 'ஆட்டர்' வழியாக டிக்கைப் படித்துக்கொண்டிருந்த பழைய நிரல்கள் உடைந்தன. ஒன்பதே நாளில், மே 12-ல், 1.6.1 வெளியிட்டுப் பூலியன் ஆட்ரிபியூட்டுகளுக்குப் பழைய பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. பதினாறு வருடம் முன்பு ரீசெட் பட்டனுக்காக எடுத்த முடிவு போட்ட கடைசிக் கொட்டு என்று நினைத்தால், இல்லை.

அதே காலத்தில் இன்னொரு கூட்டம் ஆட்ரிபியூட்டுகளைத் தாங்களே புதிதாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தது. இதற்கும் முன்னோடி உண்டு. 1997-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 'டேட்டாஃபீல்ட்', 'டேட்டாசோர்ஸ்' என்ற பொருளில் இரண்டு ஆட்ரிபியூட்டுகள் வைத்துத் தரவையும் டேக்கையும் இணைத்துப் பார்த்தது. மற்றவர்கள் பின்பற்றவில்லை. 2010-ல் ஸ்டீவ் சாண்டர்சனின் நாக்அவுட், 'டேட்டா-பைண்ட்' என்ற ஆட்ரிபியூட்டுக்குள் முழு இணைப்பையும் எழுத வைத்தது. கூகுளில் மிஷ்கோ ஹெவரியின் ஆங்குலர்ஜேஎஸ் 'என்ஜி' என்ற முன்னொட்டோடு ஒரு படையையே கொண்டுவந்தது.

ஆங்குலரில் 'என்ஜி-டிஸேபிள்ட்', 'என்ஜி-செக்ட்' என்று தனியாக ஏன் இருந்தன தெரியுமா? சாதாரண 'டிஸேபிள்ட்' ஆட்ரிபியூட்டுக்குள் 'ஃபால்ஸ்' என்று நிரப்பினாலும் பட்டன் முடங்கிவிடும் அல்லவா, அதற்காக! எஸ்ஜிஎம்எல் காலத்து விசைச் சிக்கனம், 2010-களின் நவீன ஃபிரேம்வொர்க்கில் இரண்டு புதுச் சொற்களாகக் குட்டி போட்டிருந்தது.

2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், நிலையை ஜாவாஸ்கிரிப்டிலேயே வைத்துக்கொண்டு திரையை அதற்கு ஏற்ப வரைந்தது. பழைய பாரத்தை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஆனால் அதில் செக்பாக்ஸ் எழுதிப் பாருங்கள். இப்போதைய நிலையை நீங்களே ஆள விரும்பினால் 'செக்ட்', ஆரம்பத்தை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்க விரும்பினால் 'டிஃபால்ட்செக்ட்'. நெட்ஸ்கேப் 2-ன் சொல், எழுத்து மாறாமல்.

பலகை மட்டுமே தெரிகிறவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நிரல் எழுதுபவரின் தலைவலி. பலகை உயிர் போகிற விஷயமாகும் இடம் வேறு.

எங்களோடு சில காலம் வேலை பார்த்த பார்வையற்ற நண்பர் ஒருவர், நான் எழுதிய ஒரு மெனுவைச் சோதித்துக் கொடுத்தார். "தம்பி, இந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் மூடியிருக்குன்னே சொல்லுதே" என்றார். திரையில் மெனு அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, அனிமேஷனோடு. ஆனால் 'ஏரியா-எக்ஸ்பேண்டட்' என்ற ஆட்ரிபியூட்டில் ஆரம்பத்தில் 'ஃபால்ஸ்' என்று எழுதியவன், அதை மாற்ற மறந்திருந்தேன். எனக்கு மெனு தெரிகிறது. அவருடைய ஸ்கிரீன் ரீடருக்குப் பலகை மட்டும்தான் தெரிகிறது. பலகை பொய் என்றால் அவருக்கு உலகமே பொய்.

'ஏரியா' குடும்பத்தின் வரலாறு 2000-களின் நடுவில் தொடங்குகிறது. டிவ்களையும் ஸ்பேன்களையும் வைத்து ஸ்கிரிப்டில் மெனு கட்டும் பழக்கம் பரவியபோது, அவை என்ன, எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்ல வழியில்லாமல் போனது. ஐபிஎம் இந்த வேலையில் முன்னால் நின்றது. 2005 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.5-ல் முதல் வடிவம் இடம்பெற்றது. டபிள்யூ3சியின் முழுப் பரிந்துரையாக வை-ஏரியா 1.0 வெளியானது 2014 மார்ச் 20-ல்.

இந்த ஆட்ரிபியூட்டுகள் இரண்டு விஷயத்தில் பழையவற்றிலிருந்து வேறுபடும். முதலாவது, இங்கே 'ஃபால்ஸ்' என்றால் உண்மையிலேயே இல்லை என்று அர்த்தம். 'எக்ஸ்பேண்டட்' இல்லவே இல்லை என்றால் இது திறக்கிற சாமானே இல்லை. 'ஃபால்ஸ்' என்றால் திறக்கும், இப்போது மூடியிருக்கிறது. 'ட்ரூ' என்றால் திறந்திருக்கிறது. செக்பாக்ஸுக்கு 'மிக்ஸ்ட்' என்று பாதி டிக்கும் உண்டு. சாதாரண எச்டிஎம்எல்லில் அந்தப் பாதி டிக்குக்கு இன்றுவரை ஆட்ரிபியூட் கிடையாது, ஸ்கிரிப்டில் மட்டும்தான் வைக்க முடியும். இரண்டாவது, இவை எதையும் செய்யாது. சொல்லும், அவ்வளவுதான். 'ஏரியா-டிஸேபிள்ட்' எழுதினால் பட்டன் முடங்காது. முடங்கியிருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடர் சொல்லும். முடக்குவது உங்கள் பொறுப்பு. இது வெறும் பலகை, பலகைக்குப் பின்னால் டாக்டர் இல்லை. அதனால்தான் ஏரியா தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் அறிவுரை, எச்டிஎம்எல்லிலேயே அந்த சாமான் இருந்தால் ஏரியாவைத் தொடாதே என்பது.

பிரவுசர் தானே பலகையை நகர்த்தினால்?

அப்படிப்பட்ட சாமான்கள் மெல்ல வந்தன. 'டீட்டெய்ல்ஸ்' என்ற டேக், தலைப்பை அழுத்தினால் விவரம் விரியும். 2011-ல் குரோம் 12-ல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸுக்கு வர 2016 ஆகிவிட்டது. அதிலுள்ள 'ஓப்பன்' ஆட்ரிபியூட், 'செக்ட்'டுக்கு நேர் எதிர். பயனர் அழுத்தும்போது பிரவுசரே அந்தச் சொல்லை எழுதும், மூடினால் அழிக்கும். பலகையும் டாக்டரும் ஒன்றாகவே நடக்கிறார்கள். சிஎஸ்எஸ்ஸில் அந்த ஆட்ரிபியூட்டைப் பார்த்தே அலங்காரம் செய்யலாம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நாம் எழுதிய சொல்லைப் பயனரின் விரல் மாற்றுகிறது. சர்வரிலிருந்து புதிய எச்டிஎம்எல் வாங்கிப் பழையதன் மேல் பொருத்தும் முறையில், புதியதில் 'ஓப்பன்' இல்லையென்றால் படித்துக்கொண்டிருக்கும் பகுதி பட்டென்று மூடிக்கொள்ளும். அந்தச் சொல் யாருக்குச் சொந்தம், எழுதியவருக்கா, படிப்பவருக்கா?

'டயலாக்' டேக்கில் இது இன்னும் மோசம். அதிலும் 'ஓப்பன்' உண்டு. ஆனால் பின்னாலிருக்கும் பக்கத்தை முடக்கிவிட்டு மேலே எழும் பெட்டியா, சாதாரணப் பெட்டியா என்பதை அந்த ஒற்றைச் சொல் சொல்லாது. கையால் அந்தச் சொல்லை எடுத்தால் பெட்டி மறையும், ஆனால் முறையாக மூடியதாகக் கணக்கில் வராது. அதனால் அதைத் தொடாமல் ஸ்கிரிப்ட் கட்டளைகளையே பயன்படுத்துங்கள் என்று தரமே எச்சரித்தது.

'ஹிடன்' ஆட்ரிபியூட்டுக்கும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. எச்டிஎம்எல்5-ன் ஆரம்ப வரைவுகளில் அதன் பெயர் 'இர்ரெலவன்ட்', அதாவது இப்போதைக்குச் சம்பந்தமில்லாதது. பொருள் அதுதான், ஆனால் யாருக்கும் எழுத்துக்கூட்ட வராது என்பது போன்ற நியாயங்களோடு 'ஹிடன்' ஆயிற்று. ஆம்-இல்லை மட்டுமே தெரிந்திருந்த இந்த ஆட்ரிபியூட், 2022-ல் குரோம் 102 வந்தபோது 'அன்டில்-ஃபவுண்ட்' என்று மூன்றாவது மதிப்பையும் கற்றுக்கொண்டது. பக்கத்தில் தேடும்போது அகப்பட்டால் தானே வெளிப்படும்.

கடைசியாக வந்தது 'பாப்ஓவர்'. குரோமில் 2023 மே, சஃபாரியில் அதே செப்டம்பர், ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரல். ஒரு பெட்டிக்கு 'பாப்ஓவர்' என்றும், பட்டனுக்கு அந்தப் பெட்டியின் அடையாளத்தையும் எழுதினால் போதும். ஒரு வரி ஸ்கிரிப்ட் இல்லாமல் திறக்கும், வெளியே தொட்டால் மூடும். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் செய்யாமல் விட்டது. திறந்திருக்கிறதா என்பதற்கு ஆட்ரிபியூட்டே இல்லை! ஆட்ரிபியூட், இது என்ன வகை சாமான் என்பதை மட்டும் சொல்கிறது. அது எழுதியவருக்குச் சொந்தம். இப்போது திறந்திருக்கிறதா என்பது பிரவுசருக்குள் இருக்கிறது. அலங்காரம் செய்ய வேண்டுமானால் சிஎஸ்எஸ்ஸில் அதற்கென்று ஒரு தனிச் சொல் கொடுத்திருக்கிறார்கள். 'செக்ட்'டில் ஆரம்பித்து 'ஓப்பன்' வழியாக வந்து, நிலையைப் பலகையில் எழுதவே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

அந்த எட்டுப் பெட்டி

மருந்துக் கம்பெனி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சரிசெய்ய இரண்டு மாற்றங்கள் போதுமாக இருந்தன. அந்தப் படிவத்தில் 'ஆட்டோகம்ப்ளீட்' ஆட்ரிபியூட்டை 'ஆஃப்' என்று வைத்தேன். பழைய டிக்கை பிரவுசர் நினைவில் வைப்பது நின்றது. இரண்டாவது, செக்பாக்ஸுக்குக் கீழே சர்வர் எழுதும் ஒரு வரி: "பதிவில் உள்ளது: குளிர்பெட்டி வேண்டாம்." டிக் பெட்டி, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைக் காட்டும். கீழே உள்ள வரி, உண்மையில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டையும் ஒரே சதுரத்துக்குள் திணித்ததுதான் எங்கள் தப்பு.

நஷ்டத்தை அந்த நிறுவனமும் நாங்களும் பேசித் தீர்த்துக்கொண்டோம். கிளார்க்கிடம் போய், "தப்பு உங்க மேல இல்லை சார், நாங்க எழுதினதுலதான்" என்றேன். அவர் அதைக் கேட்டு சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனே, டிக் இருந்துச்சுன்னு" என்றார்.

இருந்தது. உண்மைதான்.